அது என் சைக்கிள் இல்லை

பல்லக்கா என்று நாங்கள் கூப்பிடுவதை வைத்து, ஏதோ பல்லக்கில் போகிற ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு பஸ் மாறி, கூட்டத்தில் கசங்கி, மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வேலைக்கு வருகிறவர். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்வது எங்கள் லேபின் வேலை. பிளாஸ்டர் தூசி, உருகும் மெழுகின் வாசனை, நாளெல்லாம் காதுக்குள் கொசு மாதிரி ரீங்கரிக்கும் அராவு மோட்டார். அவர் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அச்சைச் சரியாக எடுக்காமல் அனுப்பும் டாக்டர்களுக்கு அவரே போன் போடுவார். "டாக்டர், நீங்க அனுப்பினது வாயா, வாய்க்காலா?" என்று கேட்பார். எதிர்முனையில் என்ன பதில் வந்தாலும், "மறுபடி எடுத்து அனுப்புங்க" என்று வைத்துவிடுவார். லேப் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வருஷக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அக்காவுடைய அண்ணனைப் பற்றிப் பேசும்போது "அவன்" என்றுதான் வாயில் வருகிறது. வயசுக்காக ஒரு "ர்" சேர்த்துக்கொள்கிறேன். அதற்கு மேல் மரியாதை என்னால் முடியாது.

அன்று லீவு நாள். இரவல் வாங்கியிருந்த குக்கரைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தரைத்தளத்தில் இரண்டு அறை, பின்னால் சிமெண்ட் போட்ட ஒரு சின்ன முற்றம். அக்கா தனிக்கட்டை. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. அண்ணன் இறங்கினார், அண்ணி இறங்கினார், அவர்கள் மகள் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

"கண்ணை மூடு" என்றார் அண்ணன்.

"எதுக்கு?"

"மூடுன்னா மூடேன்ம்மா."

"நான் என்ன சின்னக் குழந்தையா? என்னன்னு சொல்லு."

அவர் வண்டியிலிருந்து ஒரு சைக்கிளை இறக்கி உருட்டிக்கொண்டு வந்தார். கறுப்புப் பெயிண்டை யாரோ சுவருக்கு அடிப்பதுபோல் அப்பியிருந்தார்கள். பின்னால் தண்ணீர் கேன் கட்டுவதற்கு இரும்புக் கேரியர். நேரான ஹேண்டில்பார். பஞ்சு பிதுங்கும் சீட். கடையில் கேன் போடுகிறவருடைய வண்டியை எதற்கு இவர் உருட்டிக்கொண்டு வருகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அக்கா குனிந்தார். விரல் நகத்தால் குழாயைத் தட்டினார். சாதாரண சைக்கிள் குழாய் டொக் என்று அடைத்த சத்தம் போடும். இது டிங் என்றது. பிறகு பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தைத் தடவிப் பார்த்தார். "ரேஸ் வண்டிதான். மெல்லிசுக் குழாய்" என்றார்.

"ரேஸ் வண்டியா! உன் வண்டிம்மா அது!" அண்ணனின் குரல் தழுதழுத்தது. தழுதழுத்ததா, தழுதழுக்க வைத்தாரா, அது அவருக்கே வெளிச்சம். "அன்னைக்குத் திருட்டுப் போச்சே, அதே வண்டி. ரயிலடி பழைய சாமான் சந்தையில கிடந்துச்சு. பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சிடுச்சு எனக்கு."

மகள் போனை அக்காவின் முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். "அத்தை, எப்படி இருக்கு? ஏதாவது சொல்லுங்க!"

அக்கா நிமிர்ந்து, அண்ணனைப் பார்க்காமல், அண்ணியைப் பார்த்தார். அண்ணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலாம்" என்றார் அக்கா.

அவர்கள் போன பிறகுதான் அக்கா எனக்கு விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

இருபது வயதில் அக்கா ரேஸ் ஓட்டினவர். பாட்டில் கழுவும் கம்பெனியில் கை வெடிக்க வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் வாங்கிய சைக்கிள் அது. நீல நிறம். ஊர்ப் போட்டியில் பெண்களில் முதலாவதாக வந்தார். அடுத்தது வெளியூரில் பெரிய போட்டி. அதற்கு ஆள் எடுத்ததில் இவர் பெயரும் இருந்தது. போட்டி நெருங்கிய சமயம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் மாடிப்படிக்குக் கீழே சைக்கிளைக் காணோம். பூட்டு மட்டும் உடைந்து கிடந்தது.

"திருட்டுப் பசங்க" என்று பல்லைக் கடித்தாராம் அண்ணன். அக்காவைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். புகார் கொடுக்கும்போது கூடவே நின்றார். சாயங்காலம் ஆனால் தங்கையோடு தெருத்தெருவாக நடந்து தேடினார். நீல சைக்கிள் எதைப் பார்த்தாலும் ஓடிப்போய் நிறுத்தி, "இதுவா பாரு" என்றார். அக்கா தெருவில் உட்கார்ந்து அழுதபோது முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

பூட்டை உடைத்ததே அவர்தான்.

அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் அப்போது. மேனேஜர் வீட்டுப் பையன் ரேஸ் சைக்கிள் வேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறான். இவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் சூப்பர்வைசர் ஆனார். பூட்டைச் சுத்தியலால் அடித்ததை மாடிப்படியில் நின்று பார்த்த ஒரே ஆள் அண்ணி. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது. வாயைத் திறந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறார் மனுஷர்.

அக்கா பெரிய போட்டிக்கு இரவல் சைக்கிளில் போனார். கேரியர் வைத்த வண்டி. தொடங்கும் கோட்டிலேயே சிரித்தார்களாம். பாதி வழியில் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். அதற்கப்புறம் ரேஸ் என்ற பேச்சே இல்லை.

வெகு காலம் கழித்து, ஆபரேஷன் ஆகி அண்ணி படுத்திருந்தபோது அக்காதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டார். அப்போது அண்ணி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர்கிட்ட கேட்டுடாதம்மா. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது." அக்கா கேட்கவில்லை. எத்தனை வருஷம்! அண்ணன் வீட்டு விசேஷங்களில், "என் தங்கச்சி பெரிய ரேஸ்காரி, எந்தப் பாவியோ சைக்கிளைத் திருடிட்டான்" என்று அவர் ஆளாளுக்குச் சொல்வதை இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எப்படிக்கா பொறுத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"பொறுத்துக்கிட்டேன்னு யாரு சொன்னா?" என்றார் அக்கா. பிறகு சைக்கிளைப் பார்த்தார். "மேனேஜர் பையன் ஓட்டிட்டு வித்திருக்கலாம். கை மாறி கை மாறி சந்தைக்கு வந்திருக்கலாம். என்னுதா இருந்தாலும் இருக்கும். ஆனா திருட்டுப்போன வண்டியாம்! இது என்னோடதுன்னு ஆயிட்டா, திருடன் கதையும் நிஜமாயிடும். அதுக்குத்தான் இதைத் தூக்கிட்டு வந்திருக்கான்."

பாவம், அவர் பரிகாரம் தேடித்தான் கொண்டுவந்திருப்பார் என்று பிற்பாடு லேபில் ஒருத்தி சொன்னாள். பரிகாரம் தேடுகிறவர் முதலில் செய்ததைச் சொல்லட்டும். சைக்கிளைப் பிறகு தேடட்டும்.

தன் வண்டிதானா என்று பிரித்துப் பார்த்தே தெரிந்துகொள்வது என்று அடுத்த நாளிலிருந்து அக்கா வேலையை ஆரம்பித்தார். முதலில் கேரியர், மட்கார்டு, மணி எல்லாவற்றையும் கழற்றி மூலையில் எறிந்தார். சீட் தண்டு குழாய்க்குள் இறுகிப்போய் அசையவே இல்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சைக்கிள் கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோனோம். வளைந்த சக்கரத்தைக் கோட்டம் எடுப்பதில் கெட்டிக்காரர் என்பதால் அவருக்குக் கோட்டம் என்றே பெயர். அவர் பார்த்ததும் சுத்தியலைத் தூக்கினார்.

"சுத்தியலைக் கீழ வைங்க" என்றார் அக்கா.

"ரெண்டு போட்டா வந்துடும்மா."

"ரெண்டு போட்டா குழாய் நசுங்கிடும். எண்ணெய் விட்டு ஊற வைங்க. நான் நாளைக்கு வரேன்."

"கடை என்னுதா, உங்களுதா?"

"கடை உங்களுது. வண்டி யாரோடதுன்னுதான் தெரியல."

மறுநாளும் அசையவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அக்காவும் கோட்டமும் ஆளுக்கொரு பக்கம் நின்று சண்டை போட்டுக்கொண்டே வெந்நீர் ஊற்றினார்கள், மறுபடி எண்ணெய் விட்டார்கள். கடைசியில் தண்டைக் கிடுக்கியில் இறுக்கிக்கொண்டு இருவரும் வண்டியையே மெல்ல மெல்லத் திருகியபோது, கர்ர்ரென்று பேய் கத்துவதுபோல் கத்திக்கொண்டு வெளியே வந்தது. கோட்டம் சந்தோஷத்தில் அக்காவுக்குக் கை கொடுத்தார். இரண்டு பேர் கையும் கறுப்பு.

பெயிண்ட் எடுக்கும் வேலையை அக்கா வீட்டு முற்றத்திலேயே வைத்துக்கொண்டார். பெயிண்டை இளக்கும் திரவத்தைத் தடவி, பொங்கி வரும்போது சுரண்டினார். குழாய்கள் சேரும் மூட்டுகளில் பெரிய கத்தி நுழையாது. அதற்கு மெழுகு செதுக்கும் பழைய கத்தியை எடுத்துக்கொண்டார். நான் லீவு நாட்களில் போய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். கறுப்புக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே வெள்ளிப் பூச்சு.

வெள்ளிக்குக் கீழே நீலம்.

அக்காவின் கை நின்றுவிட்டது. நகம் அளவுக்குத்தான் தெரிந்தது. துணியால் துடைத்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வந்தபோது முகம் இளகியிருந்தது. இவ்வளவு வருஷப் பழக்கத்தில் நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. "என் நீலம் இதைவிடக் கொஞ்சம் கறுப்பா இருக்கும்னு நினைப்பு. வெயில்ல வெளுத்திருக்குமோ என்னவோ" என்றார், யாரையோ கெஞ்சுவதுபோல.

அந்த நேரம் பார்த்தா அண்ணன் போன் பண்ண வேண்டும்! பெயிண்ட் வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டார். நீலம் தெரிகிறது என்று அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டார். "பார்த்தியா, பார்த்தியா! நான் சொன்னேன்ல!" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

அடுத்த வாரம் சாய்வுக் குழாயைச் சுத்தம் செய்தபோது, நடுவில் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்த பெயிண்ட் கட்டிகள் இரண்டு உதிர்ந்தன. உள்ளே திருகாணித் துளைகள். தண்ணீர் பாட்டில் மாட்டும் கூண்டை முடுக்குவதற்கானவை. அக்கா மெழுகுக் கத்தியின் நுனியால் துளையின் உள்ளே இருந்ததை நெம்பி எடுத்து வெள்ளைத் தாளில் தட்டினார். நீலத் தூள்.

"என் வண்டியில இது கிடையாது" என்றார்.

"பின்னாடி யாராவது போட்டிருக்கலாம்லக்கா?"

"பின்னாடி போட்டிருந்தா துளைக்குள்ள வெள்ளியோ பச்சையோதானே முதல்ல இருக்கணும்? அடி நீலமே உள்ள இருக்கு. செய்யும்போதே வெச்சுப் பற்றவெச்சது. என்னுதுல பாட்டில் மாட்ட வழியே இல்ல. சீட்டுக்குப் பின்னாடி வாரால கட்டிக்கிட்டு, தண்ணி குடிக்க முதுகுப் பக்கம் கையை விட்டுத் தேடுவேன். ஒரு தடவை அப்படித் தேடும்போதே விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டேன்."

மனசு கேட்காமல் மறுநாள் கோட்டத்திடமும் கொண்டுபோய்க் காட்டினார். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கியர் மாத்துற கைப்பிடி உங்க வண்டியில எப்படி இருந்துச்சு?" என்றார். "பட்டை போட்டுக் குழாயில முடுக்கியிருக்கும்" என்றார் அக்கா. கோட்டம் குழாயின் இரண்டு பக்கமும் முளைத்திருந்த குமிழ்களைத் தொட்டுக் காட்டினார். "இதுல பட்டையே வேண்டாம்மா. நேரா இதுலயே மாட்டிக்கலாம். இதுவும் பிறவியிலேயே இருக்கு." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்ல வண்டிம்மா. உங்களுது இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் அண்ணன்மேல் மட்டும் இல்லை. ஒரு வாரம் நம்பினோமே என்று தன்மேலேயே கோபம்.

இதற்கிடையில் மகள் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. தங்கையின் திருட்டுப்போன சைக்கிளை வருஷக்கணக்காகத் தேடி மீட்டுக் கொடுத்த பாசமலர் அண்ணன்! படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்களாம். ஊர் சைக்கிள் சங்கத்துக்காரர்களும் பார்த்துவிட்டு, வருகிற போட்டியன்று மேடையில் அண்ணன் கையால் தங்கைக்குச் சைக்கிளை வழங்க ஏற்பாடு செய்தார்கள். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார். மேடையேறி வாங்கப்போகிறவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை.

ஒரு லீவு நாள் காலையில் நாலு பேர் அக்கா வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். அண்ணன், அண்ணி, மகள், அப்புறம் கையில் நோட்டீஸ் கட்டோடு சங்கச் செயலாளர். நான் அப்போது சக்கரத்தின் பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தேன். வண்டி பெயிண்ட் இல்லாமல் வெறும் உலோகமாகத் தலைகீழாக நின்றது.

செயலாளர் நோட்டீஸை நீட்டினார். அக்கா முழுக்கப் படித்தார். படித்துவிட்டு மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"இது என் சைக்கிள் இல்ல" என்றார்.

"என்னம்மா சொல்றே? நீலம் இருக்குன்னு நீதானே சொன்னே?"

"நீலம் இருந்துச்சு. பாட்டில் துளையும் இருக்கு. என்னுதுல கிடையாது." துளையைக் காட்டி, தூள் விவரத்தைச் சொன்னார்.

அண்ணன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இத்தனை வருஷத்துல உனக்கு மறந்திருக்கும்."

"என் முட்டிக்கு மறக்கல."

"சரி, இல்லன்னே வெச்சுக்க. யாருக்குத் தெரியப்போவுது? எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. மேடையில ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போயேன். நோட்டீஸ்லாம் அடிச்சாச்சு."

"திருட்டுப் போன வண்டி கிடைச்சதுன்னு நான் மேடையில நிக்கணுமா?"

"ஆமா. அதுல என்ன தப்பு?"

அக்காவின் கையில் மெழுகுக் கத்தி இருந்தது. அதை மெதுவாக ஜன்னல் கட்டையில் வைத்தார். அன்று ஆஸ்பத்திரியில் அண்ணி கெஞ்சியது அவர் வாயைக் கட்டியிருந்தது. எனக்கு மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை அந்த ஆள் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

அப்போதுதான் அண்ணி பேசினார்.

"போதுங்க."

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருந்தேன் இத்தனை வருஷம். பூட்டை உடைச்சது நீங்க. மாடிப்படியில நின்னு நான் பார்த்தேன். அந்த மேனேஜர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தீங்க. அவளுக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். எனக்காகத்தான் இவ்வளவு நாளும் உங்களை ஒரு கேள்வி கேக்காம இருக்கா."

அண்ணியின் குரல் உயரவே இல்லை. காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற குரல். மகள் போனை இறக்கினாள். செயலாளர் நோட்டீஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி ஓரடியாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"அப்பா?" என்றாள் மகள்.

அண்ணன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னைக்கு இருந்த நிலைமை உங்களுக்கு என்ன தெரியும்? குடும்பத்துக்காகத்தான் செஞ்சேன். என்ன பெரிய... ஒரு சைக்கிள்தானே?"

ஒரு சைக்கிள்தானே! இதை அவர் வாயால் கேட்டேன், இந்தக் காதால் கேட்டேன்.

"குடும்பத்துக்காகன்னா என்னைக் கேட்டிருக்கணும்" என்றார் அக்கா. "நான் குடுத்திருப்பேன், இல்ல குடுத்திருக்க மாட்டேன். அது என் இஷ்டம். சரி, எடுத்துட்டே. அதோட விட்டியா? என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனே. தெருத்தெருவா என்கூட நடந்தே. ஒவ்வொரு நீல வண்டியா நிறுத்தி 'இதுவா பாரு, இதுவா பாரு'ன்னு கேட்டே. நான் நடுரோட்டுல உக்காந்து அழுதப்போ முதுகைத் தட்டினே. அதுக்கு என்னடா பேரு? சொல்லு. சைக்கிளை விடு. அந்தக் கைக்கு என்ன பேரு?"

அண்ணனை அக்கா "டா" போட்டது அதுதான் முதல் தடவை. அவர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "வீட்டுக்கு வந்த மனுஷனை வெளியாள் முன்னாடி இப்படியா அசிங்கப்படுத்துறது?" என்றார். மன்னிப்பு இல்லை, தவறு என்ற வார்த்தைகூட இல்லை. விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அண்ணி கூடப் போகவில்லை. மண்ணெண்ணெய்க் கிண்ணத்தின் அருகே உட்கார்ந்து, "இதை எப்படித் துடைக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

அண்ணி கொஞ்ச நாள் அக்கா வீட்டில்தான் இருந்தார். பிறகு தன் வீட்டுக்குப் போனார். கூப்பிட யாரும் வரவில்லை. "என் வீடு அது, நான் ஏன் வெளியில இருக்கணும்?" என்று தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மகள் அந்தப் படத்தை அழித்துவிட்டாள். ஆனால் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தவர்கள் அதை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனும் தெரிந்தவர்களிடம் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. என்ன மனுஷப் பிறவியோ!

வண்டியை என்ன செய்வது என்று அக்கா யோசித்தார். மூலையில் போட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். "அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். எவரோ ஒருவர் ஓட்டிய ரேஸ் வண்டி, யாரோ கேன் சுமக்க வைத்த வண்டி. மூட்டுகளின் வேலைப்பாட்டை வைத்து, கையால் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் செய்தது என்று கோட்டம் சொன்னார். எந்தப் பட்டறை என்று கடைசிவரை தெரியவில்லை. நீலம் வேண்டாம் என்று அக்கா செங்கல் நிறத்தில் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தார். வளைந்த ஹேண்டில்பார், புது செயின், புது டயர், குறுகலான சீட். கோட்டம் சக்கரங்களை ஒரு மயிரிழை ஆட்டமில்லாமல் எடுத்துக் கொடுத்தார். பாட்டில் துளையில் கூண்டு மாட்டி, பாட்டிலைச் செருகி எடுத்து, செருகி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார் அக்கா.

மேடை நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது. ஆனால் போட்டி நடந்தது. அக்கா பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்தார். செயலாளர், "வேடிக்கை பார்க்க வாங்கம்மா, ஓட்டணுமா?" என்று இழுத்திருக்கிறார். "வேடிக்கையை நீங்க பாருங்க" என்று பதில் வந்தது.

போட்டியன்று காலையில் அண்ணி, மகள், நான், கோட்டம் எல்லோரும் முடிவுக் கோட்டருகே நின்றோம். அக்காவோடு ஓட்டியவர்கள் எல்லாம் இருபது வயதுப் பெண்கள். அவர்கள் சர்ர்ரென்று வந்து கோட்டைத் தாண்டினார்கள். கைதட்டினோம். பரிசு கொடுத்தார்கள். அக்காவைக் காணோம். கூட்டம் கலைந்தது. சங்கத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்கினார்கள், கோட்டுக்கு மேலே கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுருட்டினார்கள். இன்னும் ஒருத்தர் வரவேண்டும் என்று நாங்கள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திருப்பத்தில் செங்கல் நிறம் தெரிந்தது. அக்கா வந்துகொண்டிருந்தார். கை முழுக்க கிரீஸ். வழியில் செயின் கழன்று மாட்டியிருக்கிறார். முகம் பிளாஸ்டர்போல் வெளுத்திருந்தது. கோட்டுக்கு ஒரு சக்கர தூரத்தில் பிரேக் பிடித்து நின்றார். தாண்டவில்லை.

"துணியை விரிங்க" என்றார்.

"எல்லாரும் வந்தாச்சுன்னு நினைச்சோம் மேடம்..." என்றார் செயலாளர்.

"எல்லாரும் வந்தாச்சுன்னா, அப்ப நான் யாரு?"

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். அண்ணி அதற்குள் துணியின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். மறுமுனையைக் கோட்டம் பிடித்தார். இரண்டு பேரும் கையை உயர்த்தி விரித்தார்கள். அக்கா வண்டியைத் திருப்பி, கொஞ்ச தூரம் போய், மறுபடி மிதித்து வந்து அதற்குக் கீழே தாண்டினார்.

"நேரம் எழுதுங்க."

"கடிகாரத்தை நிறுத்திட்டோம்மா."

"உங்க கையில ஒண்ணு ஓடிட்டுத்தானே இருக்கு? அதைப் பார்த்து எழுதுங்க. நின்னு உங்ககூட பேசின நேரத்தையும் சேர்த்தே எழுதுங்க, பரவாயில்ல."

எழுதினார். அக்கா எட்டிப் பார்த்து, தன் பெயருக்கு நேராகத்தான் எழுதியிருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சைக்கிளிலிருந்து இறங்கினார். இறங்கியதும் அண்ணன் மகளின் தோளில் சாய்ந்தார்.

மறுநாள் லேபில் யாரோ ஒரு பெரியவருடைய மேல்வரிசைப் பல்லை அராவிக்கொண்டே அந்தச் செயலாளரைத் திட்டித் தீர்த்தார். மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கடைசியாக வந்ததைப் பற்றியோ, அண்ணனைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. வேறொன்று பிடித்துக்கொண்டுவிட்டது.

"ஆம்பளைங்களுக்கு ரெண்டு சுத்தாம், பொம்பளைங்களுக்கு ஒரு சுத்தாம். ஒரு சுத்துலதான் ரேஸை முடிச்சிட்டாங்க தெரியுமா?" என்றார், பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "யாரைக் கேட்டுக் குறைச்சாங்க?"